குணவதியின் எழுத்துத் துணிகள்

குணவதி துவாலையை இரண்டாக மடித்து மேசைமேல் விரித்தாள். தைத்த துணியை முகம் கீழாக அதன்மேல் கவிழ்த்துப் போட்டு, முதுகுப் பக்கம் மட்டும் இஸ்திரி போட்டாள். முகத்தில் தேய்த்தால் தையல் நசுங்கிவிடும். மெத்தென்ற துவாலைமேல் கவிழ்த்துத் தேய்த்தால் துணி தட்டையாகும், நூல் மட்டும் எழும்பி நிற்கும். தேய்த்து முடித்ததும் திருப்பிப் போட்டு விரலால் தடவினாள். அ, ஆ, இ, ஈ. ஒவ்வொன்றும் விரலுக்குத் தட்டுப்பட்டது.

அடுத்தது அட்டை வேலை. துணியை அட்டைமேல் வைத்து, நான்கு ஓரத்தையும் பின்பக்கம் மடக்கி, அட்டையின் விளிம்பில் குண்டூசி குத்தி நிறுத்த வேண்டும். நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் போக வேண்டும். பிறகு கவிழ்த்து, மேல் மடிப்பிலிருந்து கீழ் மடிப்புக்கும் அங்கிருந்து மறுபடி மேல் மடிப்புக்குமாகத் தடித்த நூலை இழுத்து இழுத்துக் கட்டவேண்டும், சப்பாத்துக்குக் கயிறு கோப்பதுபோல. இதில் கைக்குத்தான் வேலை. கண்ணுக்கு ஒரே ஒரு வேலை: துணியின் இழை அட்டையின் விளிம்போடு நேராக ஓடுகிறதா என்று பார்ப்பது. அந்த ஒன்றுதான் இப்போது குணவதியால் முடியாது.

"இந்தாங்க, கொஞ்சம் வந்து பாருங்க. நேரா இருக்கா?"

கணவர் முனுசாமி சட்டைப் பொத்தானைப் போட்டபடி அறை வாசலில் நின்றார். "நேரு, நேரு."

"பார்க்காமலே சொல்றீங்க."

"முப்பது வருசம் லோரிய ரிவர்ஸ்ல விட்டவன் நான். நேரு எது, கோணல் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"பட்டர்வொர்த்துல அந்தக் கம்பெனி கேட்டை எத்தன தடவ இடிச்சீங்க?"

"அந்தக் கேட்டே கோணல்லா."

குணவதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே குண்டூசியைப் பிடுங்கி மறுபடி குத்தினாள். அவர் சொன்னதை நம்பிக் கட்டினால் அண்ணன் மகள் துளசியின் துணி சட்டத்துக்குள் சாய்ந்துகொண்டு நிற்கும்.

அந்த வீட்டில் இவற்றுக்கு எழுத்துத் துணி என்று பெயர். சின்னச் சின்னக் கட்டமாக நெய்த வெள்ளைத் துணியில், கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகத் தைத்து வரும் படம். மேலே பூக்கொடி. நடுவில் நான்கு வரிசையாக உயிரெழுத்துகள். கீழே, இரண்டு நீலக் கோடுகளுக்கு நடுவில், ஒரு பிள்ளையின் பெயரும் பிறந்த நாளும். குடும்பத்தில் பிள்ளை பிறந்து பெயர் வைத்தால் குணவதி ஒரு எழுத்துத் துணி தைப்பாள். அண்ணன் மகளுக்குத் தைத்தாள். மகன் கோகுலனுக்குத் தைத்தாள். தங்கச்சி பிள்ளைகள் ஈப்போவில் பிறந்தபோது தைத்துப் பேருந்தில் எடுத்துக்கொண்டு போனாள்.

பள்ளிக்கூடத்தில் கற்ற வேலையில்லை இது. பத்தொன்பது வயதில் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தாள். நுண்ணோக்கியில் இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு ஒட்டுகிற வேலை. பக்கத்து இருக்கையில் நஸீஹா. ஓய்வு நேரத்தில் எல்லாரும் கேண்டீனுக்கு ஓடினால் நஸீஹா பையிலிருந்து துணியை எடுத்து ரோஜாப்பூ தைப்பாள். குணவதி எட்டிப் பார்த்தாள். ஒரு மாதத்தில் அவளும் பையில் துணி வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். "பகலெல்லாம் அந்தக் குழாய்க்குள்ள பார்த்தது பத்தாதா உனக்கு?" என்று அவள் அம்மா கேட்டாள். பத்தவில்லை. அங்கே ஒட்டுகிற கம்பி எந்தப் பெட்டிக்குள் போகிறது, எந்த நாட்டுக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. இது அவள் மடியிலேயே வளர்ந்தது.

கடையில் விற்ற மாதிரிப் படங்களில் ஆங்கில எழுத்துத்தான் இருந்தது. தமிழ் எழுத்தைக் கட்டம் போட்ட தாளில் அவளே வரைந்துகொண்டாள். வளைந்த எழுத்தைச் சதுரத்துக்குள் அடக்குவது சாமானியமில்லை. அகரத்தின் சுழி நான்கு தடவை தப்பியது. ஔ மட்டும் இரண்டு எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையைக் கெடுத்தது. அதற்காகவே கடைசி வரிசையில் ஒரு பூவைக் குறைத்தாள். அந்தத் தாள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, ஒட்டுப் போட்டு, இன்றைக்கும் ஊசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. பார்க்க வேண்டிய அவசியமில்லை. அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

இந்த வருடம் சித்திரை கழிந்து துளசியிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. அண்ணன் மகள் துளசி. முதல் எழுத்துத் துணி அவளுடையதுதான். பிரித்தால் அதே துணி, சட்டத்தோடு. கூடவே தொலைபேசியில் அவள் குரல்:

"அத்த, புதுக் கொண்டோ வீட்டுல சுவத்துல ஆணி அடிக்க விடமாட்டேங்கிறாங்க லா. பெட்டிக்குள்ள வச்சா பூஞ்சணம் பிடிச்சிரும். உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்னு அனுப்புனேன். கோவமில்லயே?"

"எனக்கென்னம்மா கோவம்."

"என் பசங்களுக்கும் இந்த எழுத்தெல்லாம் தெரியாது அத்த. சீனப் பள்ளிக்கூடம்ல."

"சரிம்மா. சரி."

அதற்குப் பிறகு தங்கச்சியும் ஈப்போவிலிருந்து வந்தபோது இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு பிள்ளை சிங்கப்பூரில், ஒரு பிள்ளை வாடகை அறையில். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிட்டன. துளசியின் துணியைச் சட்டத்திலிருந்து கழற்றியபோது, பின்னால் பசை தடவி ஒட்டிய இடமெல்லாம் பழுப்பேறி முன்பக்கம் வரை வந்திருந்தது. குணவதி அதை வாளியில் ஊறவைத்து, அலசி, மறுபடி ஊறவைத்துப் பார்த்தாள். முழுக்கப் போகவில்லை. அன்றைக்கே முடிவு செய்தாள், எல்லாவற்றையும் பிரித்துப் பசை இல்லாமல் நூலால் கட்டி, புதிதாகச் சட்டம் போடுவதென்று. கண்ணில் மிச்சமிருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

சட்டம் செய்வது சூலியா தெருப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் ஜபருல்லா. அவரிடம் அளவு கொடுக்கப் போனபோது அவர் கேட்டார்:

"அக்கா, பின்னால டேப் போட்டு ஒட்டுனா அஞ்சு நிமிசம். நீங்க ஏன் கை வலிக்க நூல் கட்டுறீங்க?"

"ஒங்க கடையில ஒட்டுனதுதான் பாய், பழுப்பாயிருச்சு."

"அது எங்க வாப்பா ஒட்டுனது. அவர் மேல கேஸ் போட முடியாது, மையத்துக் கொல்லையில இருக்காரு." அவர் சிரித்துக்கொண்டே துணிகளை விரித்து அளந்தார். கடைசித் துணிக்கு வந்ததும் நின்றார். "இதுல பேரு இல்லையே அக்கா. இன்னும் முடிக்கலயா?"

"அதுக்கும் சேர்த்து அளவு எடுங்க," என்றாள் குணவதி.

அந்தத் துணியைப் பற்றித்தான் முனுசாமியும் இப்போது வாசலில் நின்றபடி கேட்டார்.

"அதையுமா கட்டப் போற?"

குணவதி இன்னொரு குண்டூசியைக் குத்தினாள்.

"பிரிச்சிரு குணா. நூலைப் பூரா உருவிட்டு வெறும் துணியா வை. மருமகளும் கூட வந்தா அவ கண்ணுல இது பட வேணாம்."

"பிரிச்சா தடம் நிக்கும்."

"யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்."

முனுசாமி பெருமூச்சு விட்டுக்கொண்டு போய்த் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் குணவதியின் இடது கண்ணில் ஆரம்பித்தது. வாசற்படியின் விளிம்பு வளைந்து தெரிந்தது. கண் மருத்துவர் கட்டம் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். வாழ்க்கை முழுவதும் கட்டம் போட்ட தாளோடு இருந்தவளுக்கு அந்தத் தாளில் கட்டங்கள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிந்தன. ஊசி மருந்து போடலாம், வேகத்தைக் குறைக்கலாம், வலது கண்ணுக்கும் வரும் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். "எவ்வளவு நாளைக்குத் தைக்கலாம் டாக்டர்?" என்று மட்டும் குணவதி கேட்டாள். அவரால் சொல்ல முடியவில்லை.

அந்த வாரமே கோகுலன் வந்து சொன்னான். கல்யாணமாகி மூன்றாவது வருடம், மனைவி பிரமிளா முழுகாமல் இருக்கிறாள்.

பிள்ளை வீட்டுக்கு வரும்வரை எதுவும் வாங்கக்கூடாது. தொட்டில் கூடாது, சட்டை கூடாது, பால் போத்தல்கூடக் கூடாது. வந்த பிறகு யாராவது கடைக்கு ஓடுவார்கள், அதுவரை பழைய துணியில்தான் சுற்றிக் கிடக்கும். அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். குணவதிக்கும் தெரியும். இதுவரை தைத்த எழுத்துத் துணி எல்லாமே பெயர் வைத்த பிறகு ஊசி எடுத்துத் தைத்ததுதான். ஆனால் இந்தத் தடவை பெயர் வைக்கும் நாள்வரை கண் நிற்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தொழிற்சாலையில் ஷிப்ட் மணி அடிக்கும் முன்னமே சாமான்களையெல்லாம் தட்டில் எடுத்து அடுக்கி வைத்திருப்பவள் அவள். மணி அடித்த பிறகு தேடுகிறவர்களைச் சூப்பர்வைசர் ஏசுவதைப் பார்த்தே பழகிய கை. வாங்குவதுதானே கூடாது, இது வாங்குவதில்லையே, எழுத்துத்தானே, பெயரை விட்டுவிட்டு மற்றதைத் தைத்து வைத்தால் என்ன என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஐந்தாம் மாதத்தில் ஊசி எடுத்தாள்.

பிரமிளா அதைப் பார்த்தாள். அப்போதெல்லாம் அவள் செபராங் ஜெயாவில் வேலை முடிந்து வெள்ளிக்கிழமை நேராக இங்கேதான் வருவாள். மாமியார் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு துணியை மடியில் விரித்துப் பார்த்தாள். "கடைசியில ஏன் அத்த காலியா விட்டிருக்கீங்க?" என்றாள். "அது பேருக்கும்மா. பேரு வச்சப்புறந்தான்." பிரமிளா அந்தக் காலி இடத்தை ஆள்காட்டி விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினாள். "நீளமான பேரா வச்சா எடம் பத்துமா?" என்று கேட்டுச் சிரித்தாள். பெயரை அப்போதே யோசித்து வைத்திருந்தாள் என்று குணவதிக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டது. பெண் பிள்ளை. கொடி சுற்றிக்கொண்டது என்றார் மருத்துவர். கோகுலனும் முனுசாமியும்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். பெயர் இல்லை, சடங்கு இல்லை. ஆஸ்பத்திரி நடையில் குணவதி சுடுதண்ணீர் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, திரைக்கு அந்தப் பக்கம் பிரமிளாவின் அம்மா யாரிடமோ சொன்னது தெளிவாகக் கேட்டது. "வயித்துல இருக்கும்போதே எழுத்தத் தைச்சாங்களாம். எந்த வீட்லயாவது செய்வாங்களா இத?" அந்தத் திரைக்குள் பிரமிளாவும் படுத்திருந்தாள். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் சொல்லவில்லை. இரண்டு வருடமாகச் சண்டையில்லை, சச்சரவில்லை. தீபாவளிக்கு வருவாள், பலகாரம் கொண்டுவருவாள், "அத்த, கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்பாள். ஹாலில் உட்கார்ந்திருப்பாள். தையல் அறைப் பக்கம் வரமாட்டாள். மற்ற நேரங்களில் கோகுலன் மட்டும் வருவான். அவளுக்கு ஆபீஸ் வேலை, அவளுக்குத் தலைவலி. அவர்கள் வீடு கடலுக்கு அந்தக் கரையில், பாலம் தாண்டினால் அரைமணி நேரம். ஃபெர்ரியில் வந்தாலும் இறங்கி நடக்கிற தூரம்தான் குணவதி குடியிருக்கும் மெக்கலம் தெரு அடுக்குமாடி. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு வராதவர்களைக் கூப்பிட முடியாது.

திரும்பி வந்த துணிகளை எல்லாம் மேசைமேல் அடுக்கியபோது குணவதி ஒன்றை யோசித்தாள். தனக்குப் பிறகு இவை யாரிடம் போகும். கோகுலன் ஒரே பிள்ளை. அவன் வாங்கி வைத்துக்கொள்வான், ஆனால் எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. பிரமிளா எடுத்துக்கொண்டால்தான் உண்டு. அவள் எடுத்துக்கொள்வாளா என்பதற்குள் இன்னொரு கேள்வி இருந்தது. அதைத்தான் குணவதி இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டு அலைந்தாள்.

இன்றைக்குச் சட்டங்களை எடுத்துவர முனுசாமியின் மோட்டார் சைக்கிள் தாங்காது. நான்கு சக்கரக் காடி வேண்டும். அதற்குத்தான் கோகுலனை வரச் சொன்னது. கதவு திறந்தபோது அவனுக்குப் பின்னால் பிரமிளாவும் நின்றாள், கையில் ஒரு பப்பாளிப் பழத்தோடு.

"பசியாறிட்டீங்களா அத்த?"

"ஆச்சும்மா. வா. உள்ள வா."

"அம்மா, என்னோடதுல அந்த ஈ கோணலா இருக்கும்ல, அத அப்படியேவா பிரேம் போடப் போறீங்க?" என்றான் கோகுலன் செருப்பைக் கழற்றாமலே.

"நீயும்தான் கோணலா இருக்க. உன்ன அப்படியேதான் கல்யாணம் பண்ணிக் குடுத்தோம்."

"பார்த்தியா பிரமிளா, ரிட்டர்ன் கிடையாதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க."

பிரமிளா லேசாகச் சிரித்தாள். முனுசாமி சாவியை எடுத்துக்கொண்டார். சந்துக்குள் காடி விடுவது எப்படி என்று மகனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே லிப்ட்வரை போனார். அவர்கள் குரல் அடங்கியதும் வீட்டில் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது.

குணவதி தையல் அறைக்குத் திரும்பினாள். அந்தத் துணியை அடுக்கின் அடியில் வைத்து மேலே மற்றதை வைத்தாள். அலமாரிக்குள் வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நின்றாள். அதற்குள் வாசலில் கோப்பி வாசம் வந்தது.

"தண்ணி கலக்கினேன் அத்த. உங்களுக்குச் சீனி போடல." பிரமிளா இரண்டு கிளாஸோடு அறைக்குள் வந்து நின்றாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை. கிளாஸை வைக்க இடம் தேடிக் கத்தரிக்கோலை ஒதுக்கினாள். "என்னா பண்றீங்க?"

"சட்டம் வர்றதுக்குள்ள இதுகளைக் கட்டிரலாம்னு. ஒங்க மாமாவ நேரா இருக்கான்னு பார்க்கச் சொன்னா, தூரத்துல நின்னு நேரு நேருங்கிறாரு."

"தள்ளுங்க. நான் பார்க்கறேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துளசியின் துணியை முகத்துக்குக் கிட்டே தூக்கிப் பார்த்தாள். "வலது பக்கம் மேல ஏறியிருக்கு அத்த. அந்த ரெண்டு ஊசிய எடுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப சரி."

குணவதி விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். சரியாக இருந்தது. அவள் பின்பக்கம் நூல் கட்டினாள், பிரமிளா அட்டையைப் பிடித்துக்கொண்டாள். நூலை இழுக்கும்போது அட்டை நகராமல் எப்படி அமுக்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. துளசியுடையது முடிந்தது. தங்கச்சி பிள்ளைகளுடையது முடிந்தது. கோகுலனுடையது வந்தது.

"நெசமாவே இந்த ஈ படுத்துக்கிட்டு இருக்கு அத்த."

"அன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல். மடியில போட்டுக்கிட்டே தைச்சேன். பிரிச்சுத் தைக்கலாம்னு நெனைச்சேன், அப்புறம் விட்டுட்டேன்."

"விட்டதே நல்லது," என்றாள் பிரமிளா.

குணவதி நூலைக் கடித்து அறுத்தாள். பிறகு, குண்டூசி டப்பாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கப்புறம் இதெல்லாம் யாருக்கும்மா?"

"ஏன் அத்த இப்ப அந்தப் பேச்சு?"

"சும்மா கேக்குறேன். குடுத்தவங்க எல்லாரும் திருப்பிக் குடுத்துட்டாங்க. ஆணி அடிக்க எடமில்லயாம். நீ எடுத்துக்குவியா?"

பிரமிளா ஒரு ஊசியை அமுக்கினாள். "இவரோடத எடுத்துக்கறேன்."

"மத்தது?"

"பார்ப்போம் அத்த."

பார்ப்போம் என்றால் என்னவென்று குணவதிக்குத் தெரியும். அவளும் எத்தனையோ பேரிடம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் கோப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அந்த நேரத்தில் பிரமிளா அடுத்த துணிக்காகக் கையை நீட்டிவிட்டாள். அடுக்கில் அது ஒன்றுதான் மிச்சம்.

"அத விடும்மா," என்றாள் குணவதி. "அது வந்து... அத நான் அப்புறம் பார்த்துக்கறேன்."

பிரமிளா விடவில்லை. துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். பூக்கொடி, நான்கு வரிசை எழுத்து, இரண்டு நீலக் கோடு. கோடுகளுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு நீளம். இஸ்திரி போட்டதில் அந்த இடம் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று இருந்தது. அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று குணவதி பார்க்க முயன்றாள். நேராகப் பார்த்தால் நடுவில் கலங்கிவிடும். ஓரக்கண்ணால் பார்த்தால் நெற்றியும் காதும் மட்டும் தெரிந்தன.

பிரமிளா அட்டையை இழுத்து வைத்தாள். அதன்மேல் துணியைப் போட்டு, நடுவைக் கண்டுபிடித்து, முதல் ஊசியைக் குத்தினாள். பிறகு கீழே. பிறகு இரண்டு பக்கமும். மற்றவற்றுக்கு எடுத்ததைவிட அதிக நேரம் எடுத்தாள். ஒரு ஊசியைக் குத்தி, பின்னால் சாய்ந்து பார்த்து, பிடுங்கி, ஒரு இழை நகர்த்தி மறுபடி குத்தினாள். குணவதி கை கட்டி உட்கார்ந்திருந்தாள். கீழே யாரோ காடி ஹாரன் அடித்தார்கள். அவர்கள் இல்லை, அவர்கள் வர இன்னும் நேரமாகும்.

"நேரா இருக்கு அத்த."

குணவதி ஊசியில் நூல் கோக்க முயன்றாள். நூல் தப்பியது. பிரமிளா வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். குணவதி மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்குமாகக் கட்டிக்கொண்டு போனாள். பிரமிளா அட்டையை அமுக்கிப் பிடித்திருந்தாள். நூல் இழுபடும் சத்தம் ஒவ்வொரு தடவையும் கேட்டது. குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று. முடிச்சுப் போட்டதும் குணவதி அதை நிமிர்த்தி மேசைமேல் வைத்தாள். சுருக்கம் இல்லை, தொய்வு இல்லை. அவள் கட்டியதிலேயே சுத்தமாக வந்தது இதுதான்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஒங்கம்மா சொன்னாங்க," என்றாள் குணவதி. "என் காதுல விழுந்துச்சு. கோவத்துல சொன்னாங்க, அவங்கள நான் குத்தம் சொல்லல. டாக்டர் சொன்னதும் எனக்குத் தெரியும். கொடி சுத்திக்கிச்சுன்னாரு. அது யாரு கையிலயும் இல்லன்னாரு."

பிரமிளா மேசையில் சிதறியிருந்த குண்டூசிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"ஆனா நீ ஒண்ணுமே சொல்லலம்மா. ஏசியிருந்தாலும் பரவால்ல. வந்து உட்காருற, கண்ணு எப்படி இருக்குங்கிற, போயிர்ற. உன் மனசுல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியல. கண்ணு போறதுக்குள்ள முடிச்சிரணும்னுதான் நான் முன்னாடியே தொட்டேன். வேற ஒண்ணும் நெனைக்கல. அதனாலதான் அப்படி ஆச்சுன்னு நீயும் நெனைக்கிறியா?"

பிரமிளா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். அட்டைக்கு அடியில் ஒன்று ஒளிந்திருந்தது, அட்டையைத் தூக்கி அதையும் எடுத்தாள். அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தாள். டப்பாவின் மூடியை அமுக்கினாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"பிரமிளா."

குணவதியின் கிளாஸில் கோப்பி பாதிக்கு மேல் இருந்தது. பிரமிளாவுடையதில் அவள் வாயே வைக்கவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு, தளும்பாமல் இருக்கக் கையைப் பார்த்தபடியே, அவள் அறையை விட்டுப் போனாள்.